நின்ற புள்ளி

ஜெர்லினுக்கு அந்த வாரம் வந்த பாடம் நாற்பத்தொரு நொடி நீளப் படம். கடலோரத்து இறால் நிலையம் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். கொட்டகைக் கதவில் வெளிப்பூட்டு. கதவிடுக்கில் வேறு பெண்களின் விரல்கள். பதினெட்டாவது முறையாக அதை ஓடவிட்டாள். முதல் வருடம் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு விடுதியில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள். மூன்றாம் வருடமான இப்போது கையில் முறுக்கு இருந்தது. படத்தைவிட அந்த முறுக்குதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

நிழல்மானி என்ற கருவி வந்த பிறகு உலக வழக்கம் இப்படி ஆகிவிட்டது. இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும் எந்தப் படத்தையும் அதனிடம் கொடுக்கலாம். நிழலின் சாய்வு, சுவரின் ஈரம், தூரத்தில் கேட்கும் கோயில் மணி எல்லாவற்றையும் செயற்கைக்கோள் படங்களோடு ஒட்டிப் பார்த்து, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று சொல்லிவிடும். கூடவே நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மெய்யெண். எண்பதைத் தாண்டினால் நீதிமன்றம் மறுநாளே உத்தரவு போடும். தாண்டாவிட்டால் பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து கதறினாலும் எடுபடாது. கருவி தானாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். ஊரான் அடிபடுவதை நாள் முழுக்கப் பார்க்கப் பெரியவர்கள் யாருக்கும் மனம் வராததால், அந்த வேலை கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வந்து சேர்ந்தது.

அவர்கள் உட்காரும் கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டே விதிகள். கண்டுபிடித்ததை மட்டுமல்ல, கண்டுபிடித்த வழியையும் ஒன்று விடாமல் வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் அதே வழியில் நடந்து சரிபார்க்கலாம். அடுத்தது, படம் எடுத்தவரோடு பேசக் கூடாது. பேசினால் சொல்லிக்கொடுத்த சாட்சியாகி மெய்யெண் பாதியாகிவிடும். அவர்கள் எழுதும் கடிதங்கள்கூட மூடுபெட்டியில் போய் விழும். நீதிமன்ற உத்தரவு வரும்வரை அது திறக்காது. இதில் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட பெருமை. யார் பக்கமும் சாயாதவர்கள் என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று பக்கத்து மேசையிலிருந்து இசக்கிராஜா கேட்டான். அவளோடு படிப்பவன். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பதை மறந்துகொண்டிருந்தான்.

"அறுபத்தாறு."

"நின்ற புள்ளியைச் சேக்கலியா?"

படமெடுத்தவர் எங்கே நின்றார் என்பதுதான் நின்ற புள்ளி. நிழல்மானி அதை அரை அடி பிசகாமல் சொல்லும்; அறிக்கையில் சேர்த்தால் மெய்யெண் ஏறும். எதிர்க் குடியிருப்பு, மூன்றாவது மாடி, இரண்டாவது ஜன்னல் என்று எப்போதோ கணித்துவிட்டு, சேர்க்கட்டுமா என்று திரையில் காத்துக்கொண்டிருந்தது.

"சேத்தா அந்த ஆளைக் காட்டிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்" என்றாள் ஜெர்லின். "அந்தக் குடியிருப்பே இறால் கம்பெனியோடதுதான்."

"சேக்கலேன்னா உள்ள இருக்க பொம்பளைங்க? இருபத்தாறு பேருன்னு நிழல்மானி சொல்லுதுல்லா. போன மாசம் செங்கச் சூளை கேசுலயும் நீ இப்படித்தான் யோசிச்ச. எழுபத்தெட்டுல நின்னு போச்சு. அந்தப் பையன் என்ன ஆனான்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்தப் பையனின் முகம் அவளை விட்டுப் போகவேயில்லை.

"படம் எடுத்தவங்களுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டுட்டா போதும். அங்கேருந்து கிளம்பிட்டீங்களான்னு."

"கேட்ட ஒடனே பாதியாயிரும். நாம இவ்வளவு நாளு பாத்தது எல்லாம் வீண்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

படத்தை ஊரறியப் போட்டவர் இதையெல்லாம் யோசிக்காமலா போட்டிருப்பார் என்று ஜெர்லின் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நின்ற புள்ளியைச் சேர்த்தாள். தொண்ணூற்றொன்று. அறிக்கை வெளியாயிற்று.

மறுநாள் மதியம் உத்தரவு வந்து கொட்டகைப் பூட்டை உடைத்தார்கள். இருபத்தாறு பெண்களும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்ததை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. இசக்கிராஜா மேசையிலேயே தலைவைத்துத் தூங்கிப்போனான். அறிக்கையின் வழியில் நடந்து சரிபார்த்தவர்கள் நானூறு பேர் என்றது திரை. முதல் ஆள், அறிக்கை வெளியான பத்தாவது நிமிடத்திலேயே அந்த ஜன்னல்வரை சரிபார்த்து முடித்திருந்தார். கம்பெனிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு அவ்வளவு அவசரம் என்று ஜெர்லின் யோசித்தாள்.

உத்தரவு வந்துவிட்டதால் மூடுபெட்டி தானாகத் திறந்துகொண்டது. உள்ளே ஒரே ஒரு கடிதம். அறிக்கை வெளியாவதற்கு முதல் நாள் வந்திருந்தது.

'படிக்கிறவங்க யாரா இருந்தாலும் வணக்கம். படம் நான் எடுத்ததுதான். எந்த ஜன்னல்ல இருந்து எடுத்ததுன்னும் நீங்க போடுவீங்கன்னு சொல்றாங்க. போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. என்னைக்குன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க. காலையில அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுறேன்.'

பெயர் எழுதவில்லை. ஜெர்லின் உடனே பதில் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். எதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை அவளே பஸ் பிடித்துப் போனாள். மூன்றாவது மாடியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அப்படி யாரும் இங்கே குடியிருக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"காணாமப் போனவங்க பேரு என்னம்மா?"

"தெரியாது சார்."

"வயசு? போட்டோ எதாவது இருக்கா?"

"இல்ல சார். கூட ஒரு பிள்ளை இருக்கு. அதோட பேரும் தெரியாது."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "பேரு தெரியாது, முகம் தெரியாது. அப்படி ஒருத்தங்க அங்க இருந்தாங்கன்னு மட்டும் எப்படிம்மா சொல்லுத?"

"மூணாவது மாடி, ரெண்டாவது ஜன்னல். தரையில இருந்து முப்பத்தோரு அடி. ஜன்னலுக்கு எடது ஓரமா நின்னாங்க."

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"நான்தான் சார் சொன்னேன்" என்றாள் ஜெர்லின். "அவங்களைத் தவிர எல்லாருக்கும் சொன்னேன்."