தாழாத மலை

“எனக்க அப்பனுக்க கணியத்த ஊருக்கு முன்னால சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்!”

இரண்டு நாளாக வறுவேல் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தான். சாகப்போவது தானல்ல, தன் தம்பி என்பது மூன்றாம் நாள் விடியுமுன்தான் அவனுக்கு உறைத்தது.

தம்பி சஜின் சிறிய பைபர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போயிருந்தான். போனவன் திரும்பவில்லை. நாற்பது நாளாக அவர்கள் ஊரான வாலித்துறையில் ஒரு சாளை மீன்கூடப் படவில்லை. அப்பா காலத்து சுரைப்பாரில் மீன் இருக்கும், எடுத்து வந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுப் போனான். பாரு என்றால் கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. அதைக் கண்டுபிடிக்கும் அடையாளம்தான் கணியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணியம் உண்டு. அப்பன் மகன்களுக்கு மட்டும் சொல்வான். அதை எழுதிவைக்க மாட்டார்கள், அடுத்த வீட்டுக்காரன் காதில் போடவும் மாட்டார்கள். வறுவேலும் வாயைத் திறக்கவில்லை. தானே தேடப் போனாலும் பின்னால் வந்து பாரைப் பார்த்துவிடுவார்கள் என்று கரையிலேயே கிடந்தான். தேடப்போன படகுகளெல்லாம் ஆடி மாத நீரோட்டம் இழுக்கும் திசை என்று கிழக்கே போய், வெறுங்கையோடு திரும்பின.

இன்று மாலை ஜெபம் முடிந்ததும் சஜினுக்குத் துக்கமணி அடிப்பதாக ஊர்க்கூட்டம் முடிவு செய்துவிட்டது. அம்மா மட்டும், “மணியில கை வச்சா அந்தக் கையை ஒடிப்பேன்” என்று கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மை ஒருத்தி எத்தன பேருக்க கைய ஒடிப்பா? இப்பவாவது சொல்லுண்ணா!” என்றாள் தங்கை பிரிஜிட். கடல் வெப்பத்தை அளக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பவள், செய்தி கேட்டு ஓடி வந்திருந்தாள்.

வறுவேல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “நேரா தெக்க ஓடணும். போகப் போக கரடிமலை தாழும். கரடிக்க காது மட்டும் தண்ணிக்கு மேல நிக்கும்போ எஞ்சினை நிறுத்து. அதுக்குக் கீழதான் பாரு.”

கரையை விட்டு விலக விலக, கரடி நிற்பது போன்ற அந்த மலை கடலில் முழுகுவது போலத் தெரியும். எவ்வளவு முழுகியதோ அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கு.

“சரி, ஏறுங்க!” என்றான் கிளீட்டஸ். வறுவேலின் படகில் எஞ்சின் ஓட்டுபவன், கெட்டிக்காரன், வாய் மூடாதவன். மூன்று பேரும் புறப்பட்டபோது அதிகாலை மணி ஐந்தரை.

விடிந்தது. அடடா, என்ன கடல் அது! ஆடி மாதம் என்றால் அம்மியும் பறக்க வேண்டும். இங்கே தீப்பெட்டி உரசினால் சுடர் அசையாமல் நின்றது. எண்ணெய் ஊற்றி வைத்தது போலத் தண்ணீர் பளபளத்தது. ஒரு பறவைகூட இல்லை. சொறி என்னும் ஜெல்லி மீன்கள் மட்டும் ஆயிரம் ஆயிரமாக, கண்ணாடிக் குடைகளைப் போல, மேல்மட்டத்தில் மூச்சு விட்டுக்கொண்டு மிதந்தன. படகு அவற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது சத்தமே எழவில்லை.

“இது நம்ம கடலு இல்ல பிரிஜிட்டு. யாரோ மாத்தி வச்சிருக்காங்க” என்றான் கிளீட்டஸ்.

பிரிஜிட் கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை இறக்கித் தூக்கினாள். “முப்பத்தொண்ணு! இந்த மாசத்துல இவ்வளவு சூடு வரவே கூடாது.”

“தண்ணி சூடானா என்ன, வெந்நியில குளிப்போம்” என்று வறுவேல் சிடுசிடுத்தான். தங்கையின் தெர்மாமீட்டர் அவனுக்கு எப்போதுமே இளக்காரம்.

“எங்கயோ பசிபிக் கடல் சூடாயிருக்குண்ணா. எல் நினோண்ணு டிவியில சொல்லுவாங்கல்லா, அது. அங்க சூடு ஏறுற வருசம் பலதுலயும் இங்க காத்து செத்துப்போவும், மழை கொறையும். காத்து அடிச்சாத்தானே அடியில கெடக்க குளிர்தண்ணி மேல வரும்? அதுலதான் சாளைக்குத் தீனி. காத்து இல்ல, தீனி இல்ல, சாளை இல்ல.”

“அப்ப நீரோட்டமும்…” என்று தொடங்கிய வறுவேல் பாதியில் நிறுத்தினான். காற்று இல்லாத கடலில் ஆடி நீரோட்டம் மட்டும் எங்கிருந்து வரும்? கிழக்கே போன படகுகள் எதைத் தேடின? அவன் முகம் வெளிறியது.

கரடிமலை அவர்கள் வலது தோளுக்குப் பின்னால் நின்றது. முதலில் கால் முழுகியது. பிறகு வயிறு. ஒன்பது மணிக்குக் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. புகைமூட்டம் போல ஒரு வெக்கை படர்ந்து, சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. விலகியபோது கரடி அதே இடத்தில், அதே கழுத்தளவில் நின்றது.

பத்து மணி. இன்னும் கழுத்தளவு.

“இன்னும் ஓட்டு” என்றான் வறுவேல்.

பத்தரை மணி. இப்போது தோளும் தெரிந்தது!

கிளீட்டஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். “வறுவேல் அண்ணே, நாம போவப் போவ மலை தாழணும். இது எழும்புது.”

மூன்று பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை தூரம் ஓடினாலும் அந்தக் கரடி பின்னாலேயே வந்தது. கூடவே வளர்ந்தது. வாயாடி கிளீட்டஸ் பேச்சை நிறுத்திவிட்டான். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

“திருப்பு! பாரு தப்பிப்போச்சு. இது செய்த்தான் வேலை!” என்று வறுவேல் அலறினான்.

அப்போதுதான் எதிரே ஏதோ மஞ்சளாக மிதந்து வந்தது. கிளீட்டஸ் கொக்கி போட்டு இழுத்தான். காலி எண்ணெய்க் கேன். அதன் வயிற்றில் சிவப்புச் சாயத்தில் ‘ச’ என்று எழுதியிருந்தது.

“சஜினுக்க கேன்!”

பிரிஜிட் பின்னால் நின்ற கரடியை வெறித்துப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரடி தலையைத் திருப்பியது. ஒரு காது பிய்ந்து, மெல்ல நழுவி, வானத்தில் கரைந்தது.

“அது மலை இல்ல. மேகம்!” என்று கத்தினாள். “சூடான தண்ணிக்கு மேல எழும்புற மேகம்! மலை எப்பவோ வெக்கையில மறைஞ்சு போச்சு. அதே தெசையில இது வளந்து நிக்குது. இப்படி அசையாத கடல்ல தினமும் ஏறக்குறைய ஒரே இடத்துல, ஒரே நேரத்துல எழும்பும். சஜினும் இதத்தான் பாத்திருக்கான். காது மட்டும் தெரியட்டும், தெரியட்டும்ணு எண்ணெய் தீருற வரைக்கும் ஓட்டியிருக்கான்!”

வறுவேல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “அப்ப அவன எங்க போய்த் தேடுவேன்?”

“அவன் செய்த தப்ப நாமளும் செய்யணும்ணா. தெக்கயே விடு. மேகம் ஒடையுற வரைக்கும் விடு.”

இன்னும் போனால், திரும்பிப் போகப் போதுமா போதாதா என்றிருந்தது எண்ணெய். கிளீட்டஸ் தங்கள் எண்ணெய்க் கேனை ஆட்டிப் பார்த்தான், வறுவேலைப் பார்த்தான், எஞ்சினை முடுக்கினான்.

பதினொன்றரை மணிக்கு, பின்னால் நின்ற மேகம் பரந்து வந்து தலைக்கு மேல் பந்தல் போல விரிந்தது. பகல் இருண்டது. அடுத்த நொடி, கொட்டு கொட்டென்று மழை! நாற்பது நாளாக ஊர் ஏங்கிய மழை, ஆளில்லாத நடுக்கடலில் வீணாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று கைபேசிகளும் வயர்லெஸ்ஸும் நனைந்து உயிரை விட்டன.

மழையைத் தாண்டியதும் சட்டென்று குளிர்ந்தது. தண்ணீர்மேல் வெள்ளையாய் ஒரு மூடுபனி. பிரிஜிட் தெர்மாமீட்டரை இறக்கினாள். “இருபத்தஞ்சு!” அவள் பல் தந்தியடித்தது. “அடியில நமக்குத் தெரியாத ஒரு மேடு இருக்கணும். ஆழத்து ஓட்டம் அதுல முட்டி, குளிர்தண்ணிய மேல தள்ளுது. அதான் இந்தப் பனி.”

எஞ்சினை நிறுத்தினார்கள். பனிக்குள்ளிருந்து மறுபடி மழைச் சத்தம் கேட்டது. ஆனால் மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. சத்தம் கீழிருந்து வந்தது.

“சாளை!” என்றான் கிளீட்டஸ். தண்ணீர் முழுக்க மீன் துள்ளிக்கொண்டிருந்தது. நாற்பது நாளாகக் காணாமல் போன மீன்!

ஒருவரும் வலையைத் தொடவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொரு சத்தம் கேட்டுவிட்டது.

டங்…

நீண்ட இடைவெளி.

டங்…

ஊரில் யாராவது செத்தால் இப்படித்தான் மணி அடிப்பார்கள். ஒரு அடி, ஒரு மூச்சு நேரம், மறுபடி ஒரு அடி. இந்தப் பாழ்ங்கடலில் எந்தக் கோயில்? யாருக்கு மணி?

“எனக்க வாயாலதான் அவன் செத்தான்” என்று வறுவேல் குலுங்கி அழுதான். “மூணு நாளு! ஒரு வார்த்த சொல்லியிருந்தா முப்பது படகு இஞ்ச வந்திருக்குமே!”

“அழாதண்ணா, கேளு! மணி தானா அடிக்காது. யாரோ அடிக்கணும்!” என்று பிரிஜிட் அவனை உலுக்கினாள். “சஜினே…!”

மணி நின்றது. பிறகு ஓயாமல், வெறி பிடித்தது போல, டங்டங்டங்டங் என்று அடித்தது!

பனிக்குள் வள்ளம் தெரிந்தது. அதில் சஜின், உதடு வெடித்து, கண் உள்ளே போய், அம்மா கஞ்சி கொடுத்துவிட்ட அலுமினியப் பானையை நங்கூரக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தான். கை ஓய்ந்துபோனதால்தான் அத்தனை மெதுவாக அடித்திருக்கிறான். வறுவேல் தாவிப் போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

“அண்ணா, மலை தாழவே இல்ல” என்றான் சஜின் முதல் பேச்சாக. “எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுண்ணு நெனச்சேன்.”

அவன் அருகில் ஐஸ் பெட்டியில் பாதியளவு மழைத்தண்ணீர் இருந்தது. வழி மாற்றிய மேகமே தினமும் நண்பகலில் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மீனுக்குக் குறைவே இல்லை. சஜினின் வள்ளத்தில் கிடந்த சாளையை இரண்டு கூடையில் அள்ளி, வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். கிளீட்டஸுக்குப் பேச்சு திரும்பி வந்து, வழி முழுக்க ஒருவரையும் பேசவிடவில்லை.

கரைக்கு அரை மைல் இருக்கும்போது எண்ணெய் தீர்ந்தது. துடுப்பைப் பிடித்தார்கள். கரையை நெருங்கும்போது அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது வாலித்துறைக் கோயிலிலிருந்து, டங்… என்று ஒரே ஒரு அடி.

சஜின் பானையைத் தூக்கி, டங் என்று பதில் அடித்தான்.

கோயில் மணி அப்படியே நின்றுவிட்டது. கரையில் ஓடிவரும் கால்கள் தெரிந்தன. எல்லாருக்கும் முன்னால் அம்மா இடுப்பளவு தண்ணீருக்குள் வந்து, மகனைப் பிடித்து முதுகில் இரண்டு வைத்துவிட்டுத்தான் அழத் தொடங்கினாள்.

வறுவேல் படகின் தலையில் ஏறி நின்றான். “எல்லாரும் கேளுங்க! எனக்க அப்பனுக்க சுரைப்பாரு கணியம்! நேரா தெக்க ஓடணும். கரடிமலை தாழணும். காது மட்டும் நிக்கும்போ எஞ்சினை நிறுத்தணும்!”

அப்பன் பாட்டன் காலத்தில் நடக்காத காரியம். எந்தத் திசை என்று சொல்லச் சொல்லி இரண்டு நாளாக அவனிடம் கெஞ்சிய பக்கத்து வீட்டு நசரேன் முன்னால் வந்தார்.

“மலை தாழல்லேண்ணா என்ன செய்ய?”

வறுவேல் தங்கையைப் பார்த்தான். “அத இவளுக்க தெர்மாமீட்டர்ட்ட கேக்கணும். தாழல்லேண்ணா அது மலை இல்ல. திரும்பி வந்துருங்க.”

நசரேன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, “எனக்க கணியம் எப்படிண்ணா…” என்று தொடங்கினார்.