சிவப்பு ஒயர்

ஆயுத பூஜை முடிந்து ஆலையே காலியாகக் கிடந்தது. காலையில் வைத்த சந்தனம் எல்லா இயந்திரங்களிலும் காய்ந்து வெடித்திருக்க, அலுவலக மேசையில் இருந்த பழைய போர்ட்டபிள் கம்ப்யூட்டரின் மூடியில் மட்டும் ஈரமாகவே இருந்தது.

கமலக்கண்ணன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பூஜை போட்டதை மறுநாள் வரை தொடக் கூடாது என்று மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரான அவருக்குத் தெரியாதா? ஆனால் நாளைக்கு, புதிதாக வந்த இன்ஜினியர் சத்யப்ரியா அதிலுள்ள பழைய பதிவுகளையெல்லாம் கேபிள் போட்டு புது பி.சி.க்கு மாற்றிவிடுவாள். அதற்குள், அவர் பெயரோடு பதிவாகியிருந்த ஒரு நாளின் ரிப்பேர் பதிவை அழித்தாக வேண்டும்.

பதினாறு வருடங்களுக்கு முந்தைய நாள். ஆலையில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஒன்று உண்டு; இரண்டு பொத்தான்களில் இரண்டு கைகளையும் வைத்தால்தான் அது இறங்கும். உற்பத்தி வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பொத்தானைச் சிவப்பு ஒயரால் இணைத்துவிட்டவர் கமலக்கண்ணன். "ரெண்டு கையும் வெக்க வேணாங்களா சார்?" என்று பிரஸ் ஓட்டும் எல்லப்பன் கேட்டான். "ஒரு கை போதும்டா, ஓட்டு." அவனுடைய வலது கை உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் உயிரும் போயிற்று.

'அவனே ஒயரை மாட்டிக்கொண்டான்' என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். அதை நம்பி, அவன் மனைவி பூவம்மாள் தளியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். "தப்பாய்த்து சார், அவரால உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுருங்க" என்று கும்பிட்டாள். இவரும் பெரிய மனசுக்காரர் மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

போர்ட்டபிளின் சொந்தத் திரை எப்போதோ செத்துவிட்டது; அதனால் அதிலிருந்து புது பி.சி.க்குக் கேபிளை மாட்டினார். பி.சி. திரையில் ஒன்றும் வரவில்லை. சத்யப்ரியாவுக்கு போன் போட்டார்.

"லீவு நாள்லயும் வேலைங்களா சார்? கேபிளை போர்ட்டபிள் பக்கம் கழட்டி, அந்த முனையில ரெண்டாவது பின்னையும் மூணாவது பின்னையும் ஒயரால சேத்துட்டு பி.சி.ல டைப் பண்ணிப் பாருங்க. நீங்க அடிச்சதே திரும்பி வந்தா கேபிள் நல்லாருக்குன்னு அர்த்தம்."

டூல்ஸ் பெட்டியில் கையை விட்டார். அந்தச் சிவப்புத் துண்டுதான் அகப்பட்டது. அன்று பிரஸ்ஸிலிருந்து பிடுங்கி மறைத்தது. தூக்கிப்போட மட்டும் ஏனோ மனம் வந்ததே இல்லை. அதையே வளைத்துச் செருகினார்.

TEST என்று அடித்தார். TEST என்று வந்தது. மூச்சு விட்டார்.

வாடிய சாமந்தியும் அணைந்த கற்பூரமும் மணந்துகொண்டிருந்த அறையில், எண்ணெயோடு கலந்த இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. சூடான இரும்பின் மேல் ரத்தம் பட்டால் வரும் வாடை. அதை அவர் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறார்.

திரையில் அடுத்த வரி ஓடியது. அவர் எதையும் அடிக்கவில்லை. கேபிளின் மறுமுனை எதிலும் மாட்டாமல் மேசைமேல் கிடந்தது.

RENDU KAIYUM VEKKA VENANGALA SIR

வெளியே, வாழைக்கன்று கட்டிய பிரஸ் ஒருமுறை இறங்கி ஏறியது. மெயின் ஸ்விட்ச்சை அவரே அணைத்திருந்தார்.

'நான்தான் செய்தேன்' என்று அடிக்கலாம். விரல் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

போர்ட்டபிளைத் தூக்கித் தரையில் அடித்து உடைக்க வலது கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது.

கத்த வாயெடுத்தார். யாரைக் கூப்பிடுவது? என்ன சொல்லி?

ORU KAI PODHUM SIR

ஈரச் சந்தனம் அப்பிய ஓர் இடது கை அவர் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. மெல்ல, மரியாதையாக, அது அவரை பிரஸ்ஸை நோக்கி நடத்திக்கொண்டு போனது.