பிரிக்காத பெட்டி

காலை பத்து இருபது.

“கைப்பிடி ஆடுதுன்னு போன வாரமே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் டாக்டர்.

அவள் அறைக்குள் இருந்தாள். அவர் வாசலில் நின்றார். அந்தக் கைப்பிடி அவர் கையில் இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லை. கதவைச் சுற்றிலும் ரப்பர் பட்டை. தூசி நுழையக் கூடாது. ஈரம் நுழையவே கூடாது.

உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன.

அவள் தட்டினாள். கத்தினாள். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. குரல் எதிரொலிக்கக்கூட இல்லை. செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. ஒரு நிமிஷம் வந்து ரேக் நேராக இருக்கிறதா பார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். அவளை ஒருநாளும் அந்த அறைக்குக் கூப்பிடாத மனிதர்...

அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெளியே டாக்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார். வெளியூரில் மூன்று நாள் கண்காட்சி. மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். திரும்பி வந்து கதவைத் திறப்பார். தலையில் அடித்துக்கொள்வார். ஆடிய கைப்பிடி விழுந்துவிட்டதே என்று அழுவார். நம்பும்படி அழுவார்.

பல் டாக்டர். பொறுமைசாலி.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

வீடு அவள் பெயரில் இருந்தது. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னாள், வீட்டை விற்கப் போகிறேன் என்று. தனியாகப் போகப் போகிறேன் என்றும் சொன்னாள். இரண்டாவது விஷயத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் விஷயத்துக்குத் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோய், இந்த அறையில் ஒரு காரை நூலளவு நகர்த்தி நேராக்கினார்.

நான்கு சுவரிலும் கண்ணாடி ரேக். அத்தனையும் கார்கள். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த, உள்ளங்கையளவுக் கார்கள். கதவு திறக்கும். முன்மூடி திறக்கும். உள்ளே எஞ்சினில் மயிரிழை போல வயர் ஓடும். கல்யாணமான புதிதில் அவர் பூதக்கண்ணாடி கொடுத்து, ஒரு காரின் இருக்கையில் தையல் போட்டிருப்பதைக் காட்டினார். அவள் அசந்துபோனாள். அழகுதான். அதை இப்போதும் மறுக்க மாட்டாள்.

மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சுவிட்ச் வெளியே. உறிஞ்சிய தண்ணீர் குழாய் வழியாக வெளியே போய்விடும். ஈரம் பட்டால் பழைய உலோகம் வெடித்துவிடுமாம். அதனால் அது ஓய்வதே இல்லை. சுவரின் ஈரத்தைக் குடித்தது. காற்றின் ஈரத்தைக் குடித்தது. இப்போது அவளைக் குடித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் உதடு வெடித்தது. எச்சில் விழுங்க எச்சில் இல்லை.

மூன்று நாள் தேவைப்படாது என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு காரின் சக்கர அச்சுக் கம்பியைப் பிடுங்கித் திருகுத் துளையில் விட்டு நெம்பினாள். கம்பி வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது.

அப்போதுதான் நடு ரேக்கில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

கேமரா.

அடுத்த தெருவில் இருக்கும் போட்டோக்காரன் பொருத்திக் கொடுத்தது. இப்படிக் கார் சேர்ப்பவர்களின் குழுவில் அவன் பெயர் லென்ஸ். டாக்டர் ஊரில் இல்லாதபோது வந்து தூசி தட்டிவிட்டுப் போக அவனிடம் ஒரு சாவிகூட உண்டு. நம்பிக்கையான ஆள். இந்த முறை மட்டும் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேமராவை ரேக்கோடு சேர்த்து முடுக்கியிருந்தான். நான்கு விரல் தூரத்தில் பூட்டிய கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் டாக்டரின் உயிர்... பிரிக்காத அட்டைப்பெட்டியில், முகப்புக் கண்ணாடித்தாளுக்குப் பின்னால், ஒரு சிவப்பு ரேஸ் கார். வெளியே எடுத்துப் போக டாக்டருக்கு மனம் வரவில்லை. அதனால் கண்காட்சியின் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுகிறார்.

கேமராவை இன்று மட்டும் அணைத்து வைத்திருக்கலாம். வேறு எந்தக் கொலைகாரனும் அணைத்திருப்பான்.

அதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. கேமராவுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும். தலை நுழையாது.

அவள் கையை நுழைத்து ஆட்டினாள். வேகமாக ஆட்டினாள்.

வெளியூர் அரங்கில், திரை முழுக்க ஒரு பெண்ணின் கை ஆடியது. கூட்டம் திரும்பி டாக்டரைப் பார்த்தது. வேலைக்கார அம்மா தூசி துடைக்கிறாள், கேமரா என்றால் அவளுக்கு ஆசை என்று டாக்டர் மைக்கில் சொன்னார். அரங்கு சிரித்தது. பாதிப்பேர் திரையைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

அவளுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. பேனா, பென்சில் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது அவர் சட்டம்.

கையை ஆட்டிப் பயனில்லை. இவர்களுக்குப் புரிகிற பாஷையில் பேச வேண்டும்.

மேல் தட்டிலிருந்து கனமான தீயணைப்பு வண்டி ஒன்றை எடுத்தாள். கண்ணாடிக் கூண்டை அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது.

சிவப்புக் காரின் பெட்டியை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். நகத்தால் கண்ணாடித்தாளைக் கிழித்தாள். மெதுவாக. ஓரத்திலிருந்து ஓரம் வரை.

அரங்கில் ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

வெறுங்கையால் காரை வெளியே எடுத்தாள். முன்மூடியைத் திறந்தாள். திறந்த மூடியை இன்னும் கொஞ்சம் திறந்தாள். அது கையோடு வந்தது.

டாக்டர் திரையை அணைக்கச் சொன்னார். நெட் சரியில்லை என்றார். பின்கட்டுக்கு ஓடி, செல்போனில் அதே படத்தைப் பார்த்தார். கூட்டம் பார்ப்பதை நிறுத்த முடிந்தது. தான் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

அவள் இடது கதவைக் கழற்றிக் கேமரா முன் வைத்தாள். காத்திருந்தாள். பிறகு, அரிசியளவு இருந்த பக்கக் கண்ணாடியின் மேல் நகத்தை வைத்தாள். மறுபடியும் காத்திருந்தாள்.

டாக்டர் போன் போட்டார்.

“லென்ஸ், சாவி உன்கிட்டதானே இருக்கு? உடனே வீட்டுக்குப் போ. கார் ரூமைத் திற. சிவப்பு வண்டிய எடு. ஒரு துண்டு விடாம எடு.”

“என்ன ஆச்சு டாக்டர்?”

“உள்ள அவ இருப்பா. அவ அங்கயே இருக்கட்டும். வண்டிய எடுத்ததும் கதவ மூடிடு.”

லென்ஸ் செல்போனை மறு காதுக்கு மாற்றினான்.

“டாக்டர்... இது வேற மாதிரி இருக்கே.”

“அந்தப் பச்சை வேனை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கியே. எடுத்துக்கோ.”

லென்ஸ் தாழ்ந்த குரலில் கேட்டான்:

“பெட்டியோடவா?”

கதவு திறந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

நல்லவேளை, லென்ஸ். தண்ணி கேட்டாள். ஒரு நிமிஷம் அண்ணி என்றான். உள்பக்கம் கைப்பிடி இல்லாததைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் தன் கேமரா பையை இடுக்கில் வைத்தான்.

அவன் கைகளில் வெள்ளைக் கையுறை இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. இவன் தன்னைத் தேடி வரவில்லை...

லென்ஸ் காரின் முன் மண்டியிட்டான். ஸ்பீக்கரைப் போட்டு செல்போனைத் தரையில் வைத்தான். வேறு வழியில்லை. காரை இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். ஒரு கையால் தூக்குகிறவனைக் குழுவில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

முன்மூடி இருக்கிறதா என்று டாக்டரின் குரல் கேட்டது. இருந்தது. கதவு? அதுவும் இருந்தது.

“ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் இல்ல டாக்டர்.”

“தேடு. அது இல்லாம வெளிய வராத. கெடச்சதும் கதவ மூடிட்டுக் கெளம்பு.”

லென்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“டாக்டர் வந்துடுவாரு அண்ணி. கொஞ்சம் பொறுமையா இருங்க.”

அவள் கதவைப் பார்த்தாள். ஐந்தடி இருக்கும். ஓடினால் பிடித்துவிடுவான். ஓடத் தெம்பும் இல்லை.

“அந்தக் கடைசி ரேக்குக்கு அடியில தெறிச்சுது,” என்றாள்.

லென்ஸ் அவளை மறந்தான். எதிர்மூலைக்குப் போனான். குப்புறப் படுத்தான். டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடி, கன்னத்தைத் தரையோடு அழுத்தினான். உடைந்த கூண்டின் சில்லுகள் அங்கங்கே மின்னின. மின்னிய ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். இல்லை என்று ஒதுக்கி வைத்தான். அடுத்ததை எடுத்தான்.

அவள் எழுந்தாள். செல்போனை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டி நின்று, பையைக் காலால் இழுத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை.

சமையலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். நெஞ்சு நனையக் குடித்தாள். மூச்சு வாங்கினாள். ஈரக் காற்று. அதற்கும் ருசி உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

செல்போனில் டாக்டர் பொறுமை இழந்திருந்தார். கிடைத்ததா, கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் இடது கையை விரித்தாள். உள்ளங்கை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அரிசியளவில் அந்தக் கண்ணாடி இருந்தது.

“ஏம்ப்பா, கதவ மூடிட்டியா இல்லியா?”

“மூடியாச்சுங்க,” என்றாள் அவள். “உங்க ஆளு உள்ளதான் இருக்காரு. பாவம், இன்னும் தேடறாரு. போலீஸ்கிட்ட நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா?”