காப்புத்துணை

காலையில் பல் துலக்கியதும் லிஃப்ட் முன்னால் நின்று நாக்கை நீட்டுவோம். பீளமேட்டில் எங்கள் குடியிருப்பில் மட்டுமல்ல, ஊர் முழுக்க அப்படித்தான். அன்றைய தணிப்பி மாத்திரையை விழுங்கியிருந்தால் ஸ்கேனரில் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். எதிர்வீட்டு சுகந்தியும் நானும் அப்படி நாக்கை நீட்டிக்கொண்டே எத்தனையோ நாள் தக்காளி விலை பேசியிருக்கிறோம். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கலவரங்களுக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஆளுக்கொரு மருந்துச்சீட்டு, தினம் ஒரு டோஸ். கோபம் போயிற்று. கூடவே பயமும் போயிற்று. பயம் போனதற்காக யார் வருத்தப்படப்போகிறார்கள்?

என் கணவர் நாச்சிமுத்துவின் ஈரலை அந்த மாத்திரை அரித்துவிட்டது. நிறுத்தாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். நிறுத்துவதற்கும் சட்டம் இருந்தது. டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மருந்து உடம்பைவிட்டு முழுவதும் இறங்கும்வரை வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். கூடவே ஒரு காப்புத்துணை இருக்க வேண்டும், அந்த ஆள் தணிப்பியை ஒருநாளும் தவறவிடக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு கோபக்காரர்கள் இருந்தால் கலவரமாம். கட்டிப்போடவும் கூடாது, அது மனித உரிமை மீறலாம். என்ன கரிசனம்! நான் சிரித்த முகத்தோடு சம்மதித்தேன்.

முதலில் வியர்வையும் தூக்கமின்மையும்தான். "மண்டைக்குள்ள கரண்டு வெட்டுது காஞ்சனா" என்று தலையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் அடுப்பிலிருந்த தோசைக்கல்லை என்மேல் எறிந்தார். அது வருவதை நன்றாகப் பார்த்தேன். குனிய வேண்டும் என்று தோன்றவே இல்லை. குனிவது பயம் செய்கிற வேலை. கன்னம் கிழிந்து ஒரு பல் பெயர்ந்து வாய்க்குள் விழுந்தது. அதைத் துப்பிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி அவரை இன்னும் வெறியாக்கியது. விரலை முறித்தார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். தணிந்ததும் தன் தலையை அதே சுவரில் மோதிக்கொண்டு அழுவார். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார், வெறி ஏறினால் தாழைப் பெயர்த்துக்கொண்டு வருவார். வலி எனக்கும் வலிதான். ஆனால் அந்த வலி யாரோ ஒருத்தியுடையதுபோல இருந்தது.

ஒரு மத்தியானம் என் கழுத்தை நெரித்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது அவர் சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருந்ததைக் கவனித்தேன். கையை உயர்த்தி அதைப் போட்டுவிட்டேன். அவர் அலறிக்கொண்டு விலகினார்.

"ஏன்டி ஓட மாட்டேங்கற?"

"எதுக்குங்க ஓடோணும்?"

"நான் உன்னையக் கொன்னுபோடுவேன்!"

"டாக்டர் இப்படித்தான் இருக்கும்னு சொன்னாருங்க. சரியாப் போயிரும்."

என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இதை மறுபடி நான் முழுங்குனா நான் சாவேன். முழுங்காட்டி நீ சாவே." பிறகு ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டார்.

"திடீர்னு நிறுத்துனா ஆபத்துங்க" என்றேன் நான், சாதாரணமாக.

"தெரியும். நான் அதைவிடப் பெரிய ஆபத்து. நீ பயப்படோணும் காஞ்சனா. பயந்தாத்தான் தப்பிப்பே."

அடுத்த அட்டை வருவதற்குள் என் உடம்பு ஆட்டம் கண்டுவிட்டது. வாந்தி, நடுக்கம், தொட்டால் எரிகிற தோல். அவர் மறுபடி உறுமிக்கொண்டு ஸ்டூலைத் தூக்கியபோது என் உடம்பு தானாகக் குனிந்தது. ஸ்டூல் சுவரில் மோதி உடைந்தது. வாங்கிய அடிகள் அத்தனையும் அந்த நொடியில்தான் எனக்கு வலித்தன. தோசைக்கல்லை எடுத்து அவர் முழங்காலில் அடித்தேன். விழுந்தவரை விடாமல் மறுபடி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, எனக்கு ஆசை தீரவில்லை. அப்புறம் என்னையே பார்த்துப் பயந்து வெளியே ஓடினேன்.

லிஃப்ட் என் நாக்குக்குச் சிவப்பு காட்டியது. படிக்கட்டுக் கதவும் அப்படியே. "கொல்றாருங்க! யாராவது வாங்க!" என்று கத்தினேன். வாசல்கள் திறந்தன. எல்லாரும் வந்து அமைதியாக நின்றார்கள்.

"அக்கா, ரத்தம் சொட்டுதுங்க" என்று சுகந்தி சிரித்தபடி ஒரு துணியை நீட்டினாள். "சரியாப் போயிருங்கக்கா."

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் கழுத்திலிருந்த விரல் தடங்களைக் காட்டினேன். அவள் அன்பாகத் தலையாட்டினாள். அவள் நல்லவள்தான், நானும் இத்தனை நாள் அப்படி ஒரு நல்லவளாகத்தான் இருந்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. தரையில் கிடந்தபடி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "அவளுக்கு ரத்தம் வருது! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கடா! உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா!"

அந்த மாடியில் எனக்காகப் பதறிய ஒரே ஆள் அவர்தான்.

சுகந்தியிடம் கொடிக்கயிறு கேட்டேன். எதற்கென்று கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தாள். உள்ளே போனேன். அவர் தாமாகவே கைகளைப் பின்னால் வைத்துக் கொடுத்தார். "இறுக்கிக் கட்டு. இன்னும் இறுக்கு" என்றார். சதை வெளுக்கும்வரை இறுக்கினேன். பிறகு எட்டாத தூரத்தில் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார்.

சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று, சுகந்தி எங்கள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.