பச்சைப் பூட்டு

கிர்ர்ர்... கிர்ர்ர்...

பட்டப்பகல் பதினொரு மணிக்கு அந்தப் போன் அலறியது!

மாடி வீட்டில் தனியாக இருந்தவளின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்தது.

போன் மணிக்கெல்லாமா ஒருத்தி பயப்படுவாள்? இவள் பயப்படுவாள். எட்டு வருஷம் புருஷனிடம் அடி வாங்கிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. போன வாரம்தான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் பழகியிருந்தாள். நேற்று குளிக்கும்போது வாயில் பாட்டுகூட வந்தது.

எடுத்தாள்.

அவள் வேலை பார்க்கும் பூட்டுக் கடையின் முதலாளியம்மா!

"வணக்கம் மேடம்! நீங்க கேட்ட பச்சைப் பூட்டு வந்திருக்கு."



அந்தக் கடையில் பச்சைப் பூட்டே கிடையாது! வேலைக்குச் சேர்ந்த அன்றே இருவரும் பேசி வைத்துக்கொண்ட ரகசியச் சொல் அது. கல்லாவுக்கு அடியில் அவள் புருஷனின் போட்டோ ஒட்டியிருக்கிறது. அந்த மூஞ்சி கடைக்குள் நுழைந்தால்... பச்சைப் பூட்டு!

"அக்கா... அவன் அங்கயா நிக்கிறான்?"

"ஆமா மேடம். எதிர்ல ஒரு கஸ்டமர் இருக்காரு. சோப்புல ரெண்டு சாவியோட அச்சு கொண்டுவந்திருக்காரு. கிரில் கேட்டுக்கு ஒண்ணு, வாசக்கதவுக்கு ஒண்ணு. அவருக்குச் செஞ்சு குடுத்துட்டு உங்ககிட்ட வரேன்."

"செஞ்சு குடுக்கப் போறீங்களா? அக்கா!"

"நீங்க எங்கேயும் இறங்காதீங்க. கிரில் பூட்டியே இருக்கட்டும்."

டொக். வைத்துவிட்டார்.

இந்த அக்காவுமா?

இறங்கி ஓடலாம்... ஆனால் தெருவுக்கு இருப்பது ஒரே வழி. அது அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போகிறது. உள்தாழ்ப்பாளைப் போடலாம் என்றால்... தாழ்ப்பாள் மேஜைமேல் கிடந்தது! இன்னும் கனமானதாக மாற்றத்தான் இன்று லீவே போட்டிருந்தாள். பழையதைக் கழற்றியாகிவிட்டது. புதியதற்கு இன்னும் துளைகூடப் போடவில்லை.

போலீசுக்கு அடித்தாள்.

"வண்டி வெளிய போயிருக்கும்மா. பத்து நிமிஷத்துல வந்துடும். கதவத் திறக்காதீங்க."

அடுத்து அண்ணனுக்கு. அவளுடைய மாற்றுச் சாவிகள் அவனிடம்தான் இருந்தன.

"அண்ணே, என் சாவி எங்க?"

"ஆணியிலதான் தொங்குது. ஏம்மா?"

"அவன் அங்க வந்தானா?"

"அது... வந்தும்மா..."

"அண்ணே!"

"காலையில மாப்பிள்ளை வந்தாரும்மா... திருந்திட்டேன்னு ஓன்னு அழுதாரு. மூஞ்சி கழுவச் சோப்பு கேட்டாரு..."

"நீ குடுத்தே!"

"அழற மனுஷனுக்கு எப்படிம்மா இல்லேங்கறது?"

"சாவியில 'தங்கச்சி வீடு'ன்னு எழுதி, வீட்டு நம்பரோட சீட்டு கட்டி வச்சிருக்கியே, அது?"

"எனக்கு மறந்துடக் கூடாதுன்னுதான்..."

நல்ல அண்ணன்! எமனுக்கு விலாசம் எழுதி வைத்த அண்ணன்!

தட்... தட்... தட்...

படிக்கட்டில் செருப்புச் சத்தம். எட்டு வருஷம் கேட்டு நடுங்கிய அதே நடை!

போனைத் துண்டித்துவிட்டு மேஜையைக் கதவோடு தள்ளினாள். தோளையும் முட்டுக் கொடுத்தாள்.

க்ளிக்!

கிரில் கேட் திறந்தது! உள்ளே வந்தவன், அக்கம்பக்கத்தார் வந்துவிடாதபடி அதை இழுத்துச் சாத்தினான். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். வெளியே போவதற்கும் சாவி வேண்டும்.

இப்போது வாசற்கதவின் துவாரத்தில் சாவி நுழைந்தது.

கர்க்... கர்க்...

திரும்பவில்லை!

"செல்லம்... நான்தான். சும்மா பேசத்தான் வந்தேன். திற."

கதவிலிருந்த லென்ஸ் வழியாகப் பார்த்தாள். பேச வந்தவன் கையில் கத்தி!

"திறடி! உள்ள வந்தேன்னா கண்டதுண்டமா வெட்டிடுவேன்!"

'மன்னிச்சுடுங்க' என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"திறக்க மாட்டேன்!"

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்!

கதவை உதைத்தான். ஒன்று... இரண்டு... மூன்று... கனத்த மரம், அசையவில்லை. நாலாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது தெருவில் சைரன்!

அவன் கிரில் கேட்டுக்குப் பாய்ந்தான். சாவியைச் செருகினான். திருகினான்.

டக்!

பாதி சாவி பூட்டுக்குள். பாதி அவன் கையில்!

முன்னால் கதவு. பின்னால் கிரில். நடுவில், எலிப்பொறியில் எலிபோல அவன்!

மூச்சிரைக்கப் படியேறி வந்த இன்ஸ்பெக்டரின் பின்னாலேயே, தோளில் கருவிப் பையோடு முதலாளியம்மா.

"நீங்கதான் இவனுக்குச் சாவி செஞ்சு குடுத்ததா?" இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"முடியாதுன்னா அடுத்த கடைக்குப் போயிருப்பான் சார். அங்க சரியா செஞ்சு குடுத்துடுவாங்களே! அதான், கதவுச் சாவியில ஒரு பல்லை மாத்தி வெட்டினேன். கேட் சாவிக்குக் கழுத்தைப் பாதி அறுத்து, மெழுகு பூசிட்டேன். ஒரு தடவை தாங்கும். அடுத்த தடவை ஒடியும்."

கதவுக்கு உள்ளே அவள் மேஜையில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். நாலு மாதத்தில் பயமில்லாமல் அழுத முதல் அழுகை.

"கத்தியக் கீழ போடுடா!" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார். கத்தி விழுந்தது.

"ஏமாத்திட்டா சார்! ஒடியற சாவியக் குடுத்துட்டா!" கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கத்தினான்.

முதலாளியம்மா கருவிப் பையைத் திறந்தபடி அவனை நிதானமாகப் பார்த்தார்.

"ஒடிஞ்சா புதுசு மாத்தித் தர்றது எங்க கடை வழக்கம்தாங்க. கஸ்டமர் நேர்ல வரணும், அவ்வளவுதான். அவசரமே இல்ல... ஜெயில்லேர்ந்து வெளிய வந்ததும் வாங்க!"