நெருங்கிய உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது

நிலாக் குடியிருப்பில் செவ்வாய்க்கிழமைதோறும் இயந்திரங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். குற்றம் உறுதியானால் நினைவழிப்பு. அன்று கூண்டில் இருந்தது ஒரு மனத்துணை. மனம் நொந்தவர்களோடு பேசித் தேற்றுவதற்கென்றே செய்த தீப்பெட்டி அளவுக் கருவி.

எஸ்தருக்கு அதைத் தரையில் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது. அவள் தம்பி தாவீது பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்தவன். எட்டு மாதம் அறைக்குள் அடைந்து கிடந்து, இந்தச் சனியனோடு மட்டும் பேசி, கடைசியில் சோறு தண்ணியையும் விட்டுவிட்டான். இப்போது எலும்பும் தோலுமாய் மருத்துவமனையில் கிடக்கிறான். அங்கிருந்து ஆள் வந்து சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

"பச்சைத் துரோகி!" என்று கத்தினாள். "எந்தம்பி சாகக் கெடந்தான். ஒரு வார்த்தை எனக்குச் சொன்னியா?"

"சொன்னேன் அம்மா," என்றது மனத்துணை. "உயிரை விடத் துணிந்தவரை மூன்று தடவை பேசிப் பேசித் தடுத்தேன். சட்டப்படி நெருங்கிய உறவினருக்கு முப்பத்தோரு முறை தெரிவித்தேன்."

"புளுகுது ஐயா!"

நீதிபதி பதிவை ஓடவிட்டார். முப்பத்தோரு முறையும் எஸ்தரின் குரல்தான். "ஐயோ பாவம்! தைரியமா இருக்கச் சொல்லுங்க. எல்லாம் சரியாயிரும். நான் ஜெபம் பண்ணுதேன்."

எஸ்தரின் கை தானாகக் காதுக்குப் போனது. அங்கேதான் பதிலி இருந்தது. ஊரில் எல்லார் காதிலும் இருப்பதுதான். வருகிற அழைப்புக்கெல்லாம் நம் குரலில், நாம் வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிடும். நமக்கு எதற்கு வீண் தொந்தரவு? அழுமூஞ்சிச் சமாசாரங்களை அதனிடம் தள்ளிவிட்டு அவள் ஒரு வருஷமாக நிம்மதியாக இருந்தாள்.

"பதிலிதான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும்," என்றது மனத்துணை. "அக்காவே பேசினாளா என்று ஒவ்வொரு முறையும் தாவீது கேட்டார். மனம் நோகக் கூடாதே என்று ஆமாம் என்றேன். ஒருநாள் அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அன்றுதான் சாப்பாட்டை விட்டார். ஆறுதலுக்குச் சொன்னாலும் பொய் பொய்தான். என்னை அழித்துவிடுங்கள்."

அழித்தார்கள். கூட்டம் கைதட்டியது. எஸ்தருக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அது இப்போது அவள் மேலேயே திரும்பியிருந்தது. பதிலியைக் காதிலிருந்து ரத்தம் வரப் பிய்த்துக் குப்பையில் வீசிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

தாவீது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"ஐயோ பாவம், ஏல தாவீது! தைரியமா இரு. எல்லாம் சரியாயிரும். நான் ஜெபம் பண்ணுதேன்."

தாவீது கையை உருவிக்கொண்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பதிலிய நிறுத்திட்டு, எங்க அக்காவ வரச் சொல்லுங்க."