மூணு தண்ணி ஊத்தியாச்சு

வளைவில் வந்த மினி வேன் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரை, பஸ்ஸுக்குக் காத்திருந்த புவனாவின் மேல் வாரி இறைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றது.

திட்ட வாயெடுத்தாள். கதவைத் திறந்தவனின் கண்களைப் பார்த்தாள்... பாதிக் கோபம் போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க. பஸ் போய்டுச்சு. அமிர்தி வழியா வேலூர்தான் போறேன், ஏறுங்க."

"நனைச்சிட்டு லிப்ட் வேறயா?"

"நனைச்சவன்தானே கொண்டுபோய் வுடணும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினாள். ஜமுனாமரத்தூர் இதய முகாமில் காலையிலிருந்து ஈ.சி.ஜி. எடுத்துக் களைத்தவள். அவன் பெயர் கோகுலகிருஷ்ணன். பின்னால் சாமை மூட்டைகள்.

"சொந்த வண்டிங்க. எங்கப்பாவக்கூட ஸ்டியரிங்கத் தொட வுடமாட்டேன்" என்றான் பெருமையாக.

மலை இறக்கத்தின் மூன்றாவது வளைவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவது வளைவில் இடது கை நெஞ்சை அழுத்தியது.

"எத்தினி நாளா இப்படி?"

"பத்து நாளா. மூட்டை தூக்குற அலுப்பு."

"அதுக்கு முன்னாடி நோய் ஏதாவது...?"

"எனக்கா? ஒரு நோயும் வந்ததில்லீங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில் தோல் உரிந்திருந்தது.

"அப்ப இது இன்னா?"

"அதுவா... போன மாசம் ஆத்தா வந்துட்டுப் போனா. அக்கா கொழந்தைக்கு வந்து எனக்கும் வந்துச்சு. வாயெல்லாம், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மூணு தண்ணி ஊத்தியாச்சு, எறங்கிட்டா."

புவனா அந்த விரல்களை மறுபடி பார்த்தாள். அம்மையை இங்கே யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். தெரிந்திருந்தும், காலையிலிருந்து நூறு பேரிடம் 'நோய் உண்டா' என்று கேட்டு 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

"மேடம்..."

"நிறுத்துங்கன்றேன். உங்களுக்கு வந்தது குடல்ல வளர்ற ஒரு வைரஸா இருக்கும். பொதுவா தானா போய்டும். சில பேருக்குத்தான் கொப்புளம் ஆறினப்புறமும் இதயத் தசையில ஒளிஞ்சிகினு இருக்கும், மாசக்கணக்குல. இதயம் வீங்கிடும். திடீர்னு துடிப்பு தப்பும். இந்த வளைவுல தப்புனா?"

நிறுத்தினான். ஆனால் குரல் விறைத்தது. "வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் நான் இன்னாத்துக்கு?"

அவன் உதடு வெளிறியிருந்தது.

"தள்ளி உக்காருங்க. நான் ஓட்றேன்."

கலசப்பாக்கத்தில் தன் அப்பாவின் நெல் ஏற்றும் வேனை ஓட்டிப் பழகியவள் அவள். அவன் அசையவில்லை. வண்டியை விட்டுக்கொடுப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான். அடுத்த வலி வந்தது... பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்துகொண்டான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "இதயம் வீங்கியிருக்கு. கிருமி இன்னும் உள்ள இருக்கான்னு பாக்கணும். சேர்த்துக்கறேன். ஆறு மாசம் வண்டியத் தொடக்கூடாது. அதுக்கப்புறமும் உறுதியா சொல்ல முடியாது. படபடப்பு எப்பல்லாம் வருது?"

கோகுல் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "பத்து நாளா மேடு ஏறுனா வரும் டாக்டர். இன்னிக்கு மட்டும் வேற மாதிரி... இவங்க வண்டியில ஏறுனதுல இருந்து. அதையும் சொல்லணுமான்னு தெரியல."

டாக்டரின் பேனா நின்றது. ஒன்றும் எழுதாமல் வெளியே போய்விட்டார்.

"கடைசி வரைக்கும் ஓட்ட முடியாமப் போச்சுன்னா?" என்றான் கோகுல். கண்கள் கலங்கியிருந்தன.

 புவனா அவன் கையைப் பிடித்தாள்.

"மலை எறங்குற வரைக்கும் உங்களுக்கு மூச்சு வருதான்னு காத வெச்சிகினே வந்தேன். ஆள் பொழைச்சா போதும்னுதான் சாமிய வேண்டிக்கினேன்... வண்டிக்காக வேண்டிக்கல. எனக்கு நீங்க வேணும்."